சென்னைப் புறநகரில் குடியேறும் குடும்பங்களுக்கு: வீடு பார்ப்பது முதல் ரயில் பழகுவது வரை

வேலைக்காகச் சென்னைக்குக் குடிபெயரும் குடும்பங்களில் பலவும் நகரின் நடுவே வீடு பிடிப்பதில்லை. வாங்குகிற சம்பளத்துக்குள் இரண்டு படுக்கையறை வீடு வேண்டுமென்றால் தாம்பரத்துக்குத் தெற்கேயோ, ஆவடிக்கு மேற்கேயோ, எண்ணூருக்கு வடக்கேயோதான் போக வேண்டியிருக்கிறது. அப்படி வருகிறவர்கள் வழக்கமாக முதலில் வாடகையை விசாரிப்பார்கள். அடுத்து வீட்டைப் பார்ப்பார்கள். சாமான்களை இறக்கி வைத்த பிறகுதான் அலுவலகத்துக்கு எப்படிப் போவது என்று யோசிப்பார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நான் செய்த பிழையையே முதலில் சொல்லிவிடுகிறேன். புறநகரில் நாங்கள் எடுத்த முதல் வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பார்த்தேன். தெரிந்தவர் ஒருவர் வண்டியில் அழைத்துப் போனார். நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஐந்தே நிமிடம். நல்ல காற்று, நல்ல வெளிச்சம். அன்று மாலையே முன்பணம் கொடுத்துவிட்டேன். குடிவந்த பிறகு முதல் திங்கட்கிழமை காலை ரயில்வே கேட்டில் இரண்டு வண்டிகளுக்காகக் காத்து நின்றபோதுதான், அந்த ஐந்து நிமிடம் வேலை நாளில் இருபத்தைந்து நிமிடம் என்பது தெரிந்தது. மாலையிலும் அதே கதை. நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் கூடுதலாகப் போனது என்னுடைய நேரம் மட்டுமென்று நினைத்திருந்தேன். குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டுவது, பாடம் சொல்லிக் கொடுப்பது, மாமியாருக்கு மருந்து வாங்கி வருவது என எல்லாமே என் மனைவியின் தலையில் விழுந்ததைப் பார்த்தபோதுதான், ஒருவருடைய பயண நேரத்தை வீட்டிலிருக்கும் இன்னொருவர்தான் ஈடுகட்டுகிறார் என்பது புரிந்தது. பதினோரு மாதத்தில் அந்த வீட்டைக் காலி செய்தோம்.

முதல் படி: வேலை இடத்திலிருந்து பாதையைத் தேடுதல்

வரைபடத்தில் வீட்டைத் தேடுவதற்கு முன் அலுவலகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; அதற்கு அருகில் எந்தப் பாதை வருகிறது என்று பாருங்கள். சென்னையின் புறநகர் வாழ்க்கை பெரும்பாலும் ரயில் பாதைகளை ஒட்டியே வளர்ந்தது. கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. மாம்பலம், பல்லாவரம், குரோம்பேட்டை ஆகியவை குடியிருப்புகளாகப் பெருகியதில் அந்த ரயிலுக்குப் பெரும் பங்குண்டு. இன்று தெற்குப் பாதை கடற்கரையிலிருந்து எழும்பூர், மாம்பலம், கிண்டி, தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் செல்கிறது. மேற்குப் பாதை சென்ட்ரலிலிருந்து பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம் போகிறது. வடக்குப் பாதை எண்ணூர், மீஞ்சூர் வழியாகக் கும்மிடிப்பூண்டி போகிறது. இவை தவிர, கடற்கரையிலிருந்து மயிலாப்பூர், திருவான்மியூர் வழியாக வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலும் இருக்கிறது.

அலுவலகம் கிண்டியிலோ, நுங்கம்பாக்கத்திலோ, பாரிமுனையிலோ இருந்தால் தெற்குப் பாதை இயல்பாகவே பொருந்தும். அம்பத்தூர் தொழிற்பேட்டை என்றால் மேற்குப் பாதையில் தேடுங்கள். வாடகை சற்றுக் குறைவு என்பதற்காகக் கூடுவாஞ்சேரியில் வீடெடுத்துவிட்டு அம்பத்தூருக்கு நாள்தோறும் போய் வருகிறவர்களை எனக்குத் தெரியும். தெற்குப் பாதையில் பூங்கா நிலையம் வரை வந்து, சாலையைக் கடந்து, சென்ட்ரலில் புறநகர் வண்டிகளுக்கென்று தனியாக உள்ள மூர் மார்க்கெட் வளாகத்துக்குப் போய், அங்கிருந்து மறு ரயில் பிடிக்க வேண்டும். ஒரு மாதம் சமாளிக்கலாம். மூன்று வருடம் உடம்பு தாங்காது.

பழைய மாமல்லபுரம் சாலையில் வேலை கிடைத்தவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். டைடல் பூங்கா பக்கம் என்றால் திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையம் அருகிலேயே இருக்கிறது. சோழிங்கநல்லூர், சிறுசேரி பக்கம் என்றால் புறநகர் ரயில் பயன்படாது. பேருந்தோ, நிறுவன வண்டியோ, சொந்த வண்டியோதான். அப்படிப்பட்டவர்கள் தாம்பரத்தையும் வண்டலூரையும் விட்டுவிட்டு மேடவாக்கம், கேளம்பாக்கம் பக்கமே பார்ப்பது நல்லது. மெட்ரோ ரயிலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015-இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே தொடங்கிய மெட்ரோவுக்குக் கிண்டி, பரங்கிமலை, எழும்பூர், சென்ட்ரல் ஆகிய இடங்களில் புறநகர் ரயிலிலிருந்து மாறலாம். செங்கல்பட்டு வண்டியில் வந்து பரங்கிமலையில் இறங்கி மெட்ரோ பிடித்தால் வடபழனி, கோயம்பேடு, அண்ணாநகர் பக்கம் போகிறவர்களுக்குச் சாலை நெரிசல் முழுவதும் தவிர்ந்துவிடும்.

இரண்டாம் படி: முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை நாளில் போய் வருதல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு அறிவுரையை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு பிடித்துவிட்டது என்று மனம் சொன்ன பிறகு, செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாள்களில் ஏதேனும் ஒன்றில், நீங்கள் அன்றாடம் கிளம்பப்போகும் அதே நேரத்தில், அந்த வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். அங்கிருந்து அலுவலக வாசல் வரை போங்கள். மாலையில் அதே வழியில் திரும்பி வாருங்கள். யாருடைய வண்டியிலும் ஏறிக்கொள்ளாதீர்கள். நாள்தோறும் எப்படிப் போவீர்களோ அப்படியே போங்கள்.

கையில் ஒரு தாள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டையும் நிமிடக் கணக்கில் எழுதுங்கள். இப்போது இருக்கும் வீட்டுக்கு நான் எழுதிய தாள் இன்னும் இருக்கிறது: வாசலிலிருந்து பிரதான சாலை 6, ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருப்பு 5, ஆட்டோ 9, நடைமேம்பாலம் ஏறி இறங்க 4, நடைமேடையில் காத்திருப்பு 7, ரயில் 44, நிலையத்திலிருந்து அலுவலகம் 11. மொத்தம் 86 நிமிடம். தரகர் சொன்னது “முக்கால் மணி நேரம், சார்.” அவர் சொன்னதில் பொய் இல்லை, ரயிலில் உட்கார்ந்திருக்கும் நேரத்தை மட்டும் அவர் சொன்னார். புறநகர்ப் பயணத்தில் ரயில் நேரம் பெரும்பாலும் மாறாது. கூடிக் குறைந்து நாளைக் கெடுப்பவை அதன் இரு முனைகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சின்னத் துண்டுகள்தான். ஆகவே இரண்டு வீடுகளுக்கு இடையே தடுமாறினால், இரண்டு நிலையம் தள்ளியிருந்தாலும் நிலையத்துக்கு நடந்தே போகக்கூடிய வீட்டை எடுங்கள். இரண்டு நிலையத்துக்கு ரயில் எடுத்துக்கொள்வது பத்து நிமிடத்துக்கும் குறைவு. மழை நாளில் ஷேர் ஆட்டோ கிடைக்காமல் நிற்கும் நேரத்துக்கு அளவே கிடையாது.

தெற்குப் பாதையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. தாம்பரத்திலிருந்தே புறப்படும் வண்டிகள் நிறைய. செங்கல்பட்டிலிருந்து வருபவை அவற்றைவிடக் குறைவு. தாம்பரத்துக்கு அப்பால் வீடெடுத்தால் அட்டவணையைப் பார்த்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்கும் நேரம் கூடுதல். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளின் எண்ணிக்கை எல்லாப் பாதைகளிலும் குறைவு, பராமரிப்புப் பணிக்காக ரத்து செய்வதும் அடிக்கடி நடக்கும். ஞாயிறு வேலை உள்ள தொழிலில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கும் தனியாக ஒருமுறை சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: தண்ணீரும் மழையும்

சென்னைப் புறநகரில் வீடு பார்க்கும்போது அறைகளை எண்ணுவதற்கு முன் குழாயைத் திறந்து பாருங்கள். பல இடங்களில் வீட்டுத் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. அது உப்பா நல்லதா என்பதை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. பையில் ஒரு சின்னச் சோப்பை எடுத்துப் போங்கள். குழாயடியில் கையை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராமல் கை பிசுபிசுத்தால் கடினத் தண்ணீர். குளியலறைக் குழாய் முனையிலும் வாளியின் உள்பக்கத்திலும் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட தண்ணீரில் துணி வெளுக்காது, கீசர் சீக்கிரம் கெடும், குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான். கேன் தண்ணீருக்கு ஆகும் மாதச் செலவை வாடகையோடு கூட்டிப் பார்த்த பிறகு எந்த வீடு மலிவு என்று முடிவு செய்யுங்கள். சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறதா, கோடையில் கிணறு வற்றினால் லாரித் தண்ணீர் வாங்கும் செலவு யாருடையது என்பதையும் வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது மழை. இங்கே வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஏப்ரல், மே மாதங்களில் வீடு பார்க்கிறவர்களுக்குத் தெரு காய்ந்து கிடக்கும். அங்கே தண்ணீர் நிற்கும் என்று கற்பனைகூடச் செய்ய முடியாது. 2015 டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. ஏரிகளும் சதுப்பு நிலமும் அவற்றை இணைத்த கால்வாய்களும் இருந்த ஊர் இது; அவற்றின் ஓரத்திலும் சில இடங்களில் அவற்றின் மேலேயும் தெருக்கள் வந்துவிட்டன. பகுதியின் பெயரை மட்டும் வைத்து ஒதுக்கிவிடவும் வேண்டாம், நம்பிவிடவும் வேண்டாம். ஒரே நகரில் மூன்றாவது தெரு மேடாகவும் ஐந்தாவது தெரு பள்ளமாகவும் இருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க எளிய வழிகள் இருக்கின்றன. காம்பவுண்டுச் சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கறை தெரிகிறதா என்று பாருங்கள். வெள்ளை அடித்திருந்தால் பக்கத்துக் காலிமனையின் சுவரைப் பாருங்கள். வீட்டின் தரைமட்டம் சாலையைவிட உயர்ந்திருக்கிறதா என்று நின்று பாருங்கள். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதால் பழைய வீடுகள் பல பள்ளத்தில் போய்விட்டன. பிறகு தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடமோ மாவு அரைக்கும் கடையிலோ, “2015-இல் இங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது?” என்று கேளுங்கள். “வந்ததா?” என்று கேட்காதீர்கள், “எவ்வளவு உயரம்?” என்று கேட்டால் முழங்காலிலோ இடுப்பிலோ கையை வைத்துக் காட்டுவார்கள். வீட்டுக்காரரிடமும் தரகரிடமும் கிடைக்காத பதில் இது.

நான்காம் படி: ஒப்பந்தமும் ஆவணங்களும்

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது என்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. பல வீட்டுக்காரர்கள் இதைக் கேட்டதும் முகம் மாறுவார்கள். சண்டைக்குப் போகாமல், சட்டத்தைச் சொல்லிப் பணிவாகப் பேசினால் பத்து மாதம் ஐந்தாக இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். காலி செய்யும்போது வண்ணம் பூசுவதற்காக எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாளில் முன்பணம் திரும்ப வரும் என்ற இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பின்னால் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இந்த இரண்டினால்தான்.

மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை. இரண்டு மூன்று குடித்தனங்களை ஒரே மீட்டரில் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வசூலித்தால் அந்தச் சலுகை உங்களுக்கு வந்து சேராது. சாமான் இறக்கும் நாளிலேயே மீட்டர் அளவைக் கைப்பேசியில் படமெடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள்.

ஆவணங்களைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொண்டால் போதும். அஞ்சல் முகவரியில் சென்னை என்று எழுதினாலும் உங்கள் வீடு செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் ஆகிய மாவட்டங்களில் ஒன்றில் இருக்கலாம். செங்கல்பட்டு மாவட்டம் 2019-இல்தான் தனியாகப் பிரிந்தது. ஆவடி 2019-லும் தாம்பரம் 2021-லும் தனி மாநகராட்சிகளாயின. ஆகவே குப்பை, சாக்கடை, தெருவிளக்கு எதற்கும் சென்னை மாநகராட்சியை அழைத்துப் பயனில்லாமல் போகலாம். உங்கள் தெரு எந்த மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியில் வருகிறது, எந்த வட்டம், எந்த வார்டு என்று வீட்டுக்காரரின் சொத்துவரி ரசீதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து ஆதார் முகவரி, குடும்ப அட்டை, சமையல் எரிவாயு இணைப்பு ஆகியவற்றை முதல் மாதத்திலேயே மாற்றிவிடுங்கள்.

ஐந்தாம் படி: ரயிலும் பேருந்தும் பழகுதல்

முதல் வாரம் மட்டும் அன்றாடம் டிக்கெட் எடுங்கள். எந்த வண்டி உங்களுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு சீசன் டிக்கெட் எடுங்கள். மாதச் சீசனும் மூன்று மாதச் சீசனும் இருக்கின்றன. சாதாரண வகுப்பில் 10 கிலோமீட்டருக்குள் ஒரு பயணத்துக்கு 5 ரூபாய்தான் என்றாலும், நாள்தோறும் போகிறவருக்குச் சீசன் எடுப்பதுதான் லாபம், வரிசையில் நிற்கும் நேரமும் மிச்சம். கடைசி நாள் வரை காத்திராமல் சில நாள் முன்பே புதுப்பித்துவிடுங்கள். சீசன் முடிந்தது தெரியாமல் பயணம் செய்து பரிசோதகரிடம் மாட்டினால் பயணக் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். ரயில்வே செயலியில் டிக்கெட் எடுப்பவர்கள் நிலையத்துக்கு வெளியே இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். உள்ளே வந்துவிட்டால் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து எடுக்கலாம்.

2025 ஏப்ரல் முதல் தெற்குப் பாதையில் குளிர்சாதன மின்சார ரயிலும் ஓடுகிறது. கதவுகள் தாமாக மூடிக்கொள்ளும். கட்டணம் சாதாரண வண்டியைவிடப் பலமடங்கு கூடுதல் என்பதால் நாள்தோறும் ஏறுவது எல்லோருக்கும் கட்டாது. உடம்பு சரியில்லாத பெரியவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிற நாளில் அது பேருதவி. அதன் நேரத்தை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தைப் பற்றிப் புதியவர்கள் மிகவும் அஞ்சுகிறார்கள். எல்லாப் பெட்டியிலும் கூட்டம் ஒரே அளவில் இருப்பதில்லை. நடைமேம்பாலப் படிக்கட்டு எங்கே இறங்குகிறதோ அந்த இடத்தில் நிற்கும் பெட்டிகள் நிரம்பி வழியும். நடைமேடையின் இரு முனைகளிலும் நிற்க இடமிருக்கும். ஆனால் இறங்கும் நிலையத்தின் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் வெவ்வேறு பெட்டியில் ஏறிப் பார்த்தால் உங்களுக்கான இடம் தானாகவே அமைந்துவிடும். அந்த இடத்தில் நாள்தோறும் நிற்கும் நாலைந்து பேர் பழக்கமாவார்கள். வண்டி தாமதம், அலுவலகம் பக்கம் மறியல், எங்கே நல்ல மருத்துவர் என்ற செய்தியெல்லாம் எனக்கு அவர்களிடமிருந்துதான் வந்து சேர்கிறது. பெண்களுக்கென்று தனிப் பெட்டிகள் உண்டு. அவை நடைமேடையில் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டால் கடைசி நேரத்தில் ஓட வேண்டியதில்லை.

தண்டவாளத்தைக் குறுக்கே கடக்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நடைமேம்பாலம் ஏற நான்கு நிமிடம் ஆகிறது என்பதற்காகக் குதித்துக் கடக்கிறவர்களை ஒவ்வொரு நிலையத்திலும் காலையில் பார்க்கலாம். சட்டப்படி அது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். புறநகர் வண்டிக்குப் பக்கத்துப் பாதையில் விரைவு வண்டி வருவது காதில் விழாது, காதில் பாட்டுக் கருவி மாட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். ஒரு முறை அப்படி நடந்ததை நடைமேடையில் நின்று பார்த்தவன் நான். தவறிப்போன அந்த வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டி பன்னிரண்டு நிமிடத்தில் வந்தது.

பேருந்தைப் பொறுத்தவரை, 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்தச் சலுகை உண்டு. விரைவு, சொகுசுப் பேருந்துகளுக்கு அது பொருந்தாது என்பதால் ஏறும் முன் பேருந்து எந்த வகை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பல பேருந்து மாறிப் போகிறவர்களுக்கு மாநகரப் பேருந்தின் 1000 ரூபாய் மாதப் பயணச்சீட்டு பயன்படும். பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்க 2025 செப்டம்பரில் வெளியான சென்னை ஒன் செயலியையும் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: வீட்டாரின் நாளை அமைத்தல்

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில், இருவருடைய அலுவலகத்துக்கும் நடுவில் வீடெடுப்பதுதான் நியாயம் என்று தோன்றும். என் அனுபவத்தில் அது சரிவரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைத்தால் யார் ஓடி வர வேண்டியிருக்கும் என்று பேசி முடிவெடுங்கள். அவருக்கு அருகாக வீடு இருக்கட்டும். மற்றவர் கூடுதலாகப் பயணம் செய்யட்டும். அதற்கு ஈடாகக் காலையில் அவர் செய்ய வேண்டிய வேலைகள் எவை என்று வாய்விட்டுப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழேகாலுக்குக் கிளம்பி இரவு எட்டரைக்கு வருகிறவரால் மாலை வேலை எதையும் செய்ய முடியாது. ஆறு மணிக்குத் தண்ணீர் மோட்டார் போடுவது, குழந்தையை எழுப்பிக் குளிப்பாட்டுவது, டிபன் டப்பா கட்டுவது ஆகியவற்றைத் தாராளமாகச் செய்யலாம்.

பள்ளி வீட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். அலுவலகத்துக்கு அருகில் வேண்டாம். பெயர்பெற்ற பள்ளி என்று எட்டாவது கிலோமீட்டரில் சேர்த்தால், வேன் காலை ஆறே முக்காலுக்கே தெருமுனைக்கு வந்துவிடும். ஆறு வயதுக் குழந்தை தூக்கக் கலக்கத்தில், ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் ஷூவின் அவிழ்ந்த நாடாவுமாக வேனில் ஏறுவதை நாள்தோறும் பார்ப்பது எளிதன்று. கல்வியாண்டு ஜூனில் தொடங்குவதால் மார்ச் மாதத்துக்குள் வீட்டை முடிவு செய்துகொண்டால் பள்ளி தேட அவகாசம் கிடைக்கும்.

ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வருகிறவர்கள் தரைத்தளமோ முதல் தளமோ பாருங்கள். அவர்களுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு போக்கிடம் வேண்டும். கோயில், பூங்கா, நூலகம் எதுவானாலும் சரி. ஊரில் திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகிறவரையெல்லாம் பேர் சொல்லி அழைத்தவர்கள், இங்கே கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுவதும் தொலைக்காட்சியைப் பார்த்திருந்தால் மூன்றாம் மாதமே ஊருக்குத் திரும்புகிறேன் என்பார்கள். பால் வாங்கி வருவது, பேரக்குழந்தையை வேனிலிருந்து இறக்கி அழைத்து வருவது என்று அவர்களுக்கு உரிய வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். என் மாமியார் இரண்டாவது வீட்டில்தான் நிலைகொண்டார். பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் மாலையில் விளக்கேற்றும் பொறுப்பு அவருக்குக் கிடைத்ததே காரணம். ஊருக்குப் போய் வரும் வழியும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். தென் மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்திலிருந்து புறப்படுகின்றன. தெற்கிலிருந்து வரும் விரைவு ரயில்கள் பலவும் தாம்பரத்தில் நிற்கும். எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை.

மாலையில் திரும்பும்போது ஒரு குறிப்பிட்ட நிலையத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துச் சொல்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நான் குரோம்பேட்டை தாண்டியதும் அழைப்பேன். வீட்டில் அதைக் கேட்டுத்தான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பார்கள். குழந்தை தூங்காமல் காத்திருக்கலாமா என்பதும் அந்த அழைப்பில்தான் முடிவாகும்.

கடைசியாக, ரயில் ஓடாத நாளுக்கு ஓர் ஏற்பாடு வேண்டும். பெருமழையிலோ மின்கம்பி அறுந்தோ வண்டிகள் நின்றுவிட்டால் தெற்கே இருப்பவர்கள் தாம்பரம் வழியாகப் போகும் ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலைப் பேருந்தையோ, விமான நிலையம் வரை மெட்ரோவையோ பிடித்து, அங்கிருந்து பேருந்தில் வர வேண்டியிருக்கும். அந்த வழியில் ஒருமுறை நல்ல நாளிலேயே வந்து பாருங்கள். பள்ளிக்குப் பதினைந்து நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு பக்கத்து வீட்டாரின் பெயரைப் பள்ளியில் எழுதிக் கொடுத்து, மாற்றுச் சாவி ஒன்றையும் அவர்களிடம் கொடுத்து வையுங்கள். ஆம்புலன்ஸ் 108, ரயில்வே உதவி 139, பெண்கள் உதவி 181, குழந்தைகள் உதவி 1098, மின்தடைப் புகார் 94987 94987 ஆகிய எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டிலுள்ள பெரியவரின் கண்ணில் படும்படி சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, முதலில் நிமிடக் கணக்கு எழுதிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டார் எல்லோரும் உட்காருங்கள். அதில் எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது, மழைக்காலம் எப்படிப் போனது, கோடையில் தண்ணீர் எத்தனை லாரி வாங்கினோம் என்று எழுதிப் பாருங்கள். நீடிப்பதா, வேறு தெரு பார்ப்பதா என்று முடிவு செய்த பிறகு வீட்டுக்காரரிடம் பேசப் போங்கள்.